வெள்ளையடித்த காடு

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவள் என்று என்னை எங்கள் தெருவில் சொல்வார்கள். பஸ் நிற்பதற்குள் இறங்குவேன். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். எதிரில் இருப்பவர் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நானே அதை முடித்து, அதையும் தப்பாக முடித்து, சண்டைக்குப் போவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஒரு காடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறதா என்று வருடக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. "செடி வளர்றத உக்காந்து பாக்குறதுக்கு உன்னையா புடிச்சாங்க? வேற ஆளே கெடைக்கலயா அவங்களுக்கு?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

அந்தக் காடு ரஞ்சன்குடிக் கோட்டை தூரத்தில் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் இருக்கிறது. காடு என்றதும் யானையை நினைத்துக்கொள்ள வேண்டாம். முள்ளும் கல்லும் கலந்த வறண்ட காடு. நிலம் வனத்துறையுடையது. அதில் ஒரு பகுதியைக் கல் ஊன்றிப் பிரித்து, பத்து வருடத்துக்கு ஆராய்ச்சிக்கென்று எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் காவல் காப்பார்கள், நாங்கள் அளப்போம், தெரிந்ததை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்வோம். ஒப்பந்தத்தில் முக்கியமான நிபந்தனை ஒன்றுதான். அந்த இடத்தில் யாரும் எதையும் நடக்கூடாது, வெட்டக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒப்பந்தம் போட்டபோது நான் வேலைக்குப் புதிது. சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

எங்கள் கேள்வியும் ஒன்றுதான். அங்கே உசில மரங்கள் நிறைய உண்டு. இலையைக் காயவைத்து இடித்து அரப்பு என்று தலைக்குத் தேய்ப்பார்களே, அந்த மரம். இருந்ததெல்லாம் கிழட்டு மரங்கள். இளசு ஒன்றுகூட இல்லை. மழைக்கு விதை முளைக்கும், கோடையில் காயும், காயாததை ஆடு கடித்துவிடும். அப்படியானால் இந்தப் பெரிய மரங்கள் விழுந்த பிறகு என்ன ஆகும், காட்டுக்கு வாரிசு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. முளைத்த கன்று ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கம்பியில் சின்ன அலுமினியத் தகடு கட்டினோம். முதல் சில வருடங்கள் நான் எழுதியதெல்லாம் செத்தது, செத்தது, செத்தது என்றுதான். இழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி வீடு திரும்புவேன்.

பிறகு சில கன்றுகள் நின்றன. எல்லாமே சூரைமுள்ளுக்கும் காரைப் புதருக்கும் உள்ளே முளைத்தவை. முள்ளுக்குள் ஆடு வாயை நுழைக்க முடியாது, வெயிலும் கொஞ்சம் குறைவு. முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. ஒன்று என் தோள் வரைக்கும் வந்துவிட்டது. புதரை விலக்கி உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்கத்தான் முதலில் ஓடுவேன், முள் கிழித்த சுடிதாரைப் பார்த்து அம்மா திட்டுவாள்.

அந்த இடத்துக்கு எங்களுக்குத் துணையாக இருந்தவர் வனத்துறை ரேஞ்சர். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர், வீட்டில் முந்திரித் தோப்பு. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எப்போது பார்க்க வந்தாலும் கையில் ஒரு பொட்டலம் முந்திரி இருக்கும். "எதுக்கு சார் இதெல்லாம்" என்றால், "வெறுங்கையோட ஒரு எடத்துக்குப் போறது எங்க வழக்கத்துலயே இல்ல மேடம்" என்பார். ஆடு மேய்க்க வருபவர்களிடம் எங்களுக்காகச் சண்டை போட்டவர். நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பது அவருக்கு முழுதாகப் புரிந்திருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் நிற்க வேண்டுமே.

ஒப்பந்தம் முடியும் வருடம் வந்தது. வனத்துறையில் மேலதிகாரி புதிதாக வந்திருந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக மரம் போன நிலத்துக்கு ஈடாக வேறெங்காவது மரம் நட வேண்டும், அதற்குக் காலியிடம் தேடிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் எங்கள் இடமும் காலியிடம்தான். நேரில் வந்து பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா நடவுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நடவுக்குக் கொடுத்தால் பொக்லைன் வந்து குழி தோண்டும், கேள்வி பாதியில் செத்துப்போகும். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். அவரு வர்றதுக்குள்ள எடத்த நான் ரெடி பண்ணிடுறேன்" என்றார் ரேஞ்சர். ரெடி என்றால் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். நன்றி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதிகாரி வருகிற நாள் காலையில் ரேஞ்சர் கூப்பிட்டார். "சீக்கிரம் வாங்க மேடம். உங்க காடு அடையாளமே தெரியல" என்று குரலில் அவ்வளவு சந்தோஷம். அது திங்கட்கிழமை. சிறுவாச்சூரில் கோயில் கூட்டம், ரோட்டோரம் முழுக்க வேனும் ஆட்டோவும். நகராத வண்டிகளைப் பார்த்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "அம்மா, ஆத்தாளப் பாத்துட்டு வர்ற ஜனம், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

காட்டுக்குள் நுழைகிற பாதையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. அதைத் தாண்டினால், கிழட்டு உசில மரங்கள் எல்லாவற்றுக்கும் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே ஒரு காவிப் பட்டை தீட்டியிருந்தார்கள். அடியில் சருகு இல்லை, புல் இல்லை, முள் இல்லை. வாசல் பெருக்கிய மாதிரி மண் தெரிந்தது. முள் தள்ளும் கவைக்கோலையும் அரிவாளையும் ஓரமாகச் சாத்திவிட்டு, கூலிக்கு வந்த பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய முள் அத்தனையும் பின்பக்கம் போராகக் கிடந்தது.

"யாரு இத பண்ணச் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும் மேடம்? விருந்தாளி வர்ற வூட்டுக்கு வெள்ளையடிக்காம இருப்பமா? கூடவே நின்னு வேலை வாங்குனேன். ஒரு மரத்துல அருவா பட விடல. முள்ள மட்டுந்தான் எடுக்கச் சொன்னேன்."

"முள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். இங்கே எழுத முடியாத வார்த்தை இரண்டும் வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். "எங்கள முள்ளு வெட்டத்தாம்மா சொன்னாங்க" என்றாள் ஒருத்தி, பயந்துபோய். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அந்தக் கதை என் தலையிலேயே நடந்துவிட்டது.

அந்த முள்போரில் கையைவிட்டுத் தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ரேஞ்சரும் வந்து, கஞ்சி போட்ட காக்கிச் சட்டையோடு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேடினார். தகடு கட்டிய தண்டு ஒன்று கிடைத்தால் பேசாமல் எடுத்து என்னிடம் நீட்டுவார். அவர் கையிலும் ரத்தம், என் கையிலும் ரத்தம். அந்தத் தோளுயரக் கன்று அடியில் கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு எங்கள் வீட்டுக் கதவு நிலை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றாலும் வந்தது. லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள், எங்கள் அத்தாவும்தான், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். லீவில் வரும்போதெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எங்களை நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவார். போன லீவுக் கோட்டுக்கும் இந்த லீவுக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை விரலால் தடவிப் பார்ப்பார். அவர் பார்க்காத வளர்ச்சி அவ்வளவும் அந்த இடைவெளிதான். ஒரு தடவை அத்தா வருகிறார் என்று அம்மா வீடு முழுக்க வெள்ளையடித்து, நிலைக்கும் புது பெயின்ட் பூசிவிட்டாள். அத்தா பென்சிலோடு வந்து நிலையைப் பார்த்தார், பென்சிலைத் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான்தான் அம்மாவைக் கத்தித் தீர்த்தேன். "அவுக வரும்போது வூடு பளிச்சுன்னு இருக்கட்டும்னுதானே செஞ்சேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள் அம்மா. ரேஞ்சர் மேல் கோபமாகவே இருக்க ஆசைப்பட்டேன். இந்த ஞாபகம் அதைக் கெடுத்துவிட்டது.

அதிகாரியின் ஜீப் வந்தது. இறங்கியவர் வெள்ளை மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "காலியிடம்னாங்க. இவ்வளவு நீட்டா மெயின்டெயின் பண்றீங்களே" என்றார். அங்கேயே ஜீப்பின் பானட்டில் பைலை விரிக்கச் சொன்னார். பேனாவைத் திறந்துவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் பத்து வருடம் அந்த இடம் எங்களுடையது. ரேஞ்சர் என்னையே பார்த்தார், சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அப்போது அதிகாரி தலையைத் தூக்கி, "காடு தானா வளருதுன்னு எழுதியிருக்கீங்களே மேடம். அந்தக் கன்னு ஒண்ணக் காட்டுங்க, நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்றார்.

கையிலிருந்த தண்டை நீட்டினேன். "இதுதான் சார். வெட்டாம இருந்திருந்தா முள்ளுக்குள்ள நின்னுருக்கும்."

நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "என்னய்யா இது?" என்று ரேஞ்சரைக் கேட்டார். "என் தப்பு சார்" என்றார் ரேஞ்சர், அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ. "அப்ப இனிமே இங்க பாக்குறதுக்குத்தான் என்ன இருக்கு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். வேர் மண்ணுக்குள் இருக்கிறது, பெரிய உசில மரத்தை வெட்டினால் துளிர்க்கும், இவ்வளவு சின்னது துளிர்க்குமா என்று தெரியவில்லை, அதையாவது பார்க்க விடுங்கள் என்றேன். அவர் பைலை மூடி ஜீப்புக்குள் போட்டார். "மழை முடிஞ்சு வர்றேன். தானா துளிர்த்திருந்தா கையெழுத்து போடுறேன். இல்லைன்னா நடவுக்குக் குடுத்துடுவேன் மேடம். எனக்கும் மேல கேக்குறவங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு. வருடத்துக்கு இரண்டு தடவை போகிற இடத்துக்கு வாராவாரம் போனேன். போய் என்ன செய்ய? வெட்டிய கட்டையைக் குனிந்து பார்ப்பேன், வானத்தை நிமிர்ந்து பார்ப்பேன், திரும்பி வருவேன். ஆடி போனது, ஆவணி போனது, மழை இல்லை. மக்காச்சோளம் விதைக்க உழுது வைத்த நிலமெல்லாம் புழுதி பறந்தது. வகுப்பில் பாதிப் பாடத்தில் ஜன்னலைப் பார்த்து நின்றுவிடுவேன். "அல்லாமேல பாரத்தப் போட்டுட்டு சும்மா இரு. நீ போயி மொறைச்சுப் பாத்தா செடி பயந்து வளருமா?" என்றாள் அம்மா.

வளர்ந்தது. வழக்கமாக மதியத்துக்கு மேல் போகிறவள், ஒரு நாள் காலையிலேயே போனபோது, நாலைந்து கட்டைகளில் அடியிலிருந்து பச்சையாகத் துளிர் வந்திருந்தது. மண்ணில் முழங்கால் போட்டுக் கும்பிடாத குறை. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், துறைத்தலைவருக்கு அனுப்பினேன். அப்புறம் இலையைத் தொட்டுப் பார்க்கக் கையை ஊன்றினேன். மண் ஈரமாக இருந்தது. துளிர்த்த கட்டை ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடையாளத்துக்கு ஒரு கல் வைத்திருந்தது, அத்தனை கல்லுக்கு நடுவில் இத்தனை வாரமும் என் கண்ணில் அது படவே இல்லை.

ரேஞ்சர் வரும்வரை அங்கேயே நின்றேன். ஜீப்பின் பின்பக்கம் தண்ணீர்க் கேன் இருந்தது. மறைக்கவும் இல்லை அவர்.

"எத்தன நாளா ஊத்துறீங்க?"

"அவரு போன மறுநாள்லேருந்து. காலையில ரோந்து வரும்போது ஆளுக்கு ஒரு செம்பு, அவ்வளவுதான். எல்லாத்தையும் கண்டுபுடிக்க முடியல, தெரிஞ்சதுக்கு மட்டும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் கையால போனது மேடம். என் கையாலயே வரட்டும்."

ஊற்றட்டும் என்று விட்டுவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. அதிகாரி வருவார், துளிரைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், யாருக்கும் தெரியாது. ஆனால் தானாகத் துளிர்க்குமா என்பதுதான் கேள்வி. செம்புத் தண்ணீரில் வந்த பதிலை வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருடம் நான் எதை அளப்பேன்?

"நாளையிலேருந்து ஊத்தாதீங்க" என்றேன்.

"செத்துடும் மேடம்."

"செத்தா, செத்துச்சுன்னு எழுதிக்குவோம்."

"நீங்க மனுசிதானா மேடம்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் கேனில் மிச்சமிருந்த தண்ணீரை ரோட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

துளிர்கள் ஒவ்வொன்றாகக் கருகின. அடுத்த வாரம் போனபோது நுனி, அதற்கடுத்த வாரம் முழுதும். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அந்த வருடம் மழை பிந்தி, ஐப்பசியில்தான் வந்தது. வந்த வேகத்தில் ரோடெல்லாம் ஓடை. படுத்தாலும் எழுந்தாலும் அந்தக் கட்டைகள்தான். ஆனாலும் பார்க்கப் பயம். அதிகாரி வருகிறேன் என்று சொன்ன நாளில்தான் போனேன். ரேஞ்சர் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

மரங்களின் சுண்ணாம்பு மழையில் பாதி கரைந்து வழிந்திருந்தது. கல் வைத்த கட்டைகளை முதலில் பார்த்தோம். எல்லாமே காய்ந்து, விரலால் தொட்டால் ஒடிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ரேஞ்சர் அங்கேயே நின்றுவிட்டார். நானும் அதிகாரியும் சூரைமுள் திரும்பத் தழைத்திருந்த பக்கம் நடந்தோம். அங்கே புது முள்ளுக்கு நடுவில், பழைய கட்டையின் அடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துளிர். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் ஓரமாக அந்தத் தோளுயரக் கன்று இருந்த இடத்தில் இரண்டு கிளையாக ஒன்று. எதன் பக்கத்திலும் கல் இல்லை. ரேஞ்சர் கண்ணுக்குத் தப்பியவை.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இதுக்கெல்லாம் யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களா?"

"இதுக்கு மழைதான் சார். கல்லு வச்சதுக்கு ஊத்துனோம். நடுவுல நான்தான் நிறுத்தச் சொன்னேன். அது எல்லாம் செத்துப்போச்சு."

அவர் என்னையும் தூரத்தில் நின்ற ரேஞ்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையும் எழுதுவீங்களா?"

"எழுதணும் சார். வெள்ளையடிச்சதையும் எழுதணும்."

"படிக்கிறவன் சிரிக்கப் போறான்" என்றார். ஆனாலும் பானட்டில் பைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பத்து வருடம். நடவுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அவர் ஜீப் கிளம்பிப் போனது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் கருகிய கட்டைகள் பக்கம் போகக் கால் கூசியது.

ரேஞ்சர் அங்கேதான் நின்றிருந்தார். வைத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்குறேன். நான் ஊத்துனதால செத்துச்சா, நீங்க நிறுத்துனதால செத்துச்சா?"

ஊற்றாமல் இருந்திருந்தால் அவசரப்பட்டுத் துளிர்க்காமல் மழைக்குக் காத்திருந்திருக்குமோ. நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ. இரண்டையும் நான் எத்தனையோ தடவை யோசித்தாயிற்று. பொய்யாக ஒரு வார்த்தை சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

"தெரியல சார்."

"எப்ப தெரியும்?"

"திரும்பத் திரும்பப் பாத்தாத்தான் தெரியும். வருசக்கணக்காகும்."

அவர் தலையாட்டிக்கொண்டார். ஜீப்பில் ஏறப் போனவர், முன் சீட்டிலிருந்த முந்திரிப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவர் அந்த மரங்களை, மழையில் கரைந்த சுண்ணாம்பை, முள்ளுக்குள் மறைந்துபோன துளிர்களை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்கு மாத்தல் வந்துடும் மேடம், இந்த வருசமே வரலாம். எங்க இருந்தாலும் அடுத்த மழைக்கு இங்க வந்து பாப்பேன்" என்றார். "வெறுங்கையோட வர்றேன்."